நீல டைல்ஸ் போட்ட குளம்

அமுதவள்ளி டீச்சருக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. தெரியும். நன்றாகவே தெரியும். கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் இருபத்தாறு வருடமாக அறிவியல் நடத்துகிறவள். வெண்பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் மீன், நத்தை, பாசி, கண்ணுக்குத் தெரியாத கிருமி, அந்தப் பக்கம் வெயில், தண்ணீர், காற்று, சேறு என்று எழுதுவாள். அப்புறம் இரண்டு பக்கத்துக்கும் அம்புக்குறியாகப் போட்டுத் தள்ளிவிட்டு, இதில் எதை உருவினாலும் மற்றதெல்லாம் சரியும் என்பாள். வருடத்துக்கு நாலு வகுப்புக்குச் சொன்னாள். சொன்னது மலாயில். அதனால் தமிழில் நினைவுக்கு வரவில்லை என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

குளம் இருந்தது குளக்கரை மாரியம்மன் கோயிலில். ஒரு பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகள், ஒரு பக்கம் டயர் கடை, பின்னால் கார் கழுவுகிற இடம். இவற்றுக்கு நடுவே கோயிலும், கோயிலை ஒட்டி நாலு பேர் சேர்ந்து வலை வீசினால் மூடிவிடக்கூடிய ஒரு சின்னக் குளமும். பார்க்க அழகாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். பழுப்பும் பச்சையும் கலந்த தண்ணீர். ஓரமெல்லாம் கங்கோங் கீரை படர்ந்து கிடக்கும். உள்ளே திலாப்பியா, கெலி என்கிற கெளுத்தி மீன், நத்தை, யாரோ வளர்க்க முடியாமல் கொண்டுவந்து விட்ட இரண்டு ஆமை. கால் வைத்தால் முழங்கால் வரை சேறு.

கருவறையிலிருந்து வரும் அபிஷேகத் தண்ணீர், பால், தயிர், மஞ்சள், சந்தனம் எல்லாமாக, ஒரு மண்வாய்க்கால் வழியாக வந்து குளத்தில் விழும். வாய்க்கால் நெடுக கல்வாழை முளைத்துக் கிடந்தது. ஆடித் திருவிழாவில் ஊரே பால்குடம் எடுக்கும். அன்றைக்குக் குளம் வெள்ளையாகிவிடும். மறுநாள் கலங்கலாக இருக்கும். நாலைந்து நாளில் பழையபடி பச்சை. அம்மன் சக்தி என்றார்கள். இருக்கலாம். ஆனால் அம்மன் அந்த வேலையைச் சேற்றிடம்தான் ஒப்படைத்திருந்தாள். பாதிப் பாலை வாய்க்காலின் மண்ணும் கல்வாழை வேரும் பிடித்துக்கொள்ளும். மீதியைச் சேற்றிலிருக்கும் கிருமிகள் தின்னும். கிருமி தின்று கழித்ததைக் கீரை உறிஞ்சிக்கொள்ளும். நத்தை பாசியைச் சுரண்டும், மீன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பகலில் வெயில் பட்டுப் பாசி விடும் மூச்சில்தான் இத்தனையும் பிழைத்துக் கிடந்தன. அந்தக் குளம் ஒரு வயிறு மாதிரி. போட்டதையெல்லாம் செரித்தது. செரிக்கிற வயிற்றை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்?

பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை வரும் கும்பாபிஷேகம் அந்த வருடம் வந்தது. திருப்பணிக் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லப்போய், அமுதவள்ளியைப் போட்டார்கள். அந்தக் கோயிலில் குழு நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான். தலைவர் ராதாகிருஷ்ணன் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். யாரையும் கடிந்து பேச மாட்டார். சிரித்துக்கொண்டே தன் காரியத்தை முடித்துக்கொண்டு போவார். காலமான தன் தாயார் நினைவாகக் குளம் முழுவதும் நீல டைல்ஸ் போட்டுத் தருவதாகச் சொன்னார். குழு கைதட்டியது. அமுதவள்ளியும் தட்டினாள்.

நகராண்மைக் கழகமான மஜ்லிஸிலிருந்துதான் ஒரு முட்டுக்கட்டை வந்தது. குளத்தைப் புதுப்பித்த பிறகு கொசு பெருகாது, மீன்களுக்குக் கேடு இல்லை என்று தகுதியுள்ள ஒருவர் எழுதித் தரவேண்டுமாம். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் இரண்டு பக்கம் எழுதினாள். அதைக் குறை சொல்ல முடியாது. சேற்றில் பாதியாவது அப்படியே இருக்கவேண்டும், ஓரத்துக் கீரையைப் பிடுங்கக்கூடாது, மண்வாய்க்காலை மூடக்கூடாது, குழாய்த் தண்ணீரை மூன்று நாள் தொட்டியில் வைத்து மருந்து வாடை போன பிறகே குளத்தில் விடவேண்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே ஏன் என்றும் எழுதியிருந்தாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கணவன் யுகேந்திரனிடம் படித்துக் காட்டினாள். துறைமுகத்தில் கிராணியாக, அலுவலகக் குமாஸ்தாவாக இருப்பவன். இந்த மாதிரிக் கடிதங்களைத் தினமும் பார்க்கிறவன்.

"இவ்வளவு தெளிவா எழுதியிருக்க. ஒத்துக்க மாட்டாங்க பாரு" என்றான்.

ஒத்துக்கொள்ளவில்லை. ராதாகிருஷ்ணன் கடையில் அவளை உட்காரவைத்து, ஐஸ் மைலோ வரவழைத்துக் கொடுத்து, கடிதத்தை முழுவதும் படித்தார். படித்துவிட்டு மடித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க டீச்சர். ஆனா இவ்ளோ நீட்டா போனா மஜ்லிஸ்ல படிக்க மாட்டாங்க லா. சேறு வேணும், கீரை வேணும்னா அப்புறம் டைல்ஸ் எதுக்குன்னு கேப்பான். ஒரே பாரா போதும்."

"இல்ல தலைவரே, அந்தச் சேறுதான்..."

"அதுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாருங்க. கல்லு வெட்டறவர் அனுப்பியிருக்காரு. எழுத்துப் பிழை இருக்கான்னு நீங்கதான் பாக்கணும்."

கருங்கல் கல்வெட்டின் மாதிரித் தாள் அது. குளத்தை ஒட்டிய மதில் சுவரில் பதிக்கப் போவது. மேலே ராதாகிருஷ்ணனின் தாயார் பெயர். அதற்குக் கீழே குழுவினர். நடுவில், தனி வரியில்: திருக்குளத் திருப்பணி ஆலோசகர், திருமதி அமுதவள்ளி யுகேந்திரன், பி.எஸ்சி.

அமுதவள்ளி அந்த வரியைப் படித்தாள். பிழை இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் இன்னொரு முறை படித்தாள். முந்தைய கும்பாபிஷேகத்துக்கும் அதற்கு முந்தையதற்கும் அவள் அப்பா ரெங்கசாமி இதே கோயிலுக்கு மணல் சுமந்தவர். மணல் சுமந்தவர்கள் பெயரை யாரும் கல்லில் வெட்டுவதில்லை. கோயிலின் எந்தச் சுவரிலும் அவர் பெயர் கிடையாது. இப்போது அவர் மகள் பெயர், பட்டத்தோடு. அந்தத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் மனசு லேசாக இருந்தது. இதை மறைத்துச் சொல்லிப் பிரயோசனமில்லை, அவளுக்கு அது வேண்டியிருந்தது.

"பிழை ஒண்ணும் இல்ல தலைவரே" என்றாள்.

"அப்ப அந்த லெட்டர்?"

"சுருக்கிக் குடுக்கறேன்."

சுருக்கினாள். அதுவும் அவள் வாசகம் இல்லை, அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. 'சேற்றை முழுமையாக அகற்றுவதால் குளத்துக்கோ மீன்களுக்கோ எந்தப் பாதிப்பும் ஏற்படாது என உறுதியளிக்கிறேன்.' கீழே கையெழுத்து. நாலு நிபந்தனையில் மிஞ்சியது ஒன்றுதான், தண்ணீரை மூன்று நாள் தொட்டியில் வைப்பது. அது யாருக்கும் இடைஞ்சல் இல்லாதது. வீட்டில் யுகேந்திரன் புதுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தான்.

"மொதல்ல எழுதினது வேற மாதிரி இருந்துச்சே."

"சுருக்கியிருக்கேன்."

"ம்" என்று கொடுத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டான். அவனாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று பின்னாளில் அவளுக்கு அவன் மேல்கூடக் கோபம் வந்தது. அடுத்தவன் மேல் கோபப்படுவது எப்போதும் சௌகரியம்தான்.

குளத்தை இறைத்தார்கள். மீன்களை நீலப் பிளாஸ்டிக் தோம்புகளில் பிடித்து வைத்துக் காற்று விட்டார்கள். சேறு வாருகிற வேலை சுகுமாறனுக்கு வந்தது. லோரி ஓட்டிக்கொண்டிருந்தவன், விபத்தில் முட்டி போன பிறகு கோயில் வேலைக்கு வந்து, மடப்பள்ளிக்குப் பின்னாலிருக்கும் அறையில் தங்கியிருந்தான். கூட்டுவது, தேங்காய் மூடி பொறுக்குவது, விளக்கு துலக்குவது, குளத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவன்தான். எட்டு வருடமாக அந்தக் குளத்தில் கீரை கழித்தவன். அன்று முழங்காலளவு சேற்றில் நின்று மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தான்.

அமுதவள்ளி பள்ளி விட்டு வேலை நடப்பதைப் பார்க்க வந்தாள். ராதாகிருஷ்ணன் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றார். சுகுமாறன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"டீச்சர், முழுசா வாரச் சொல்றாங்க. அந்த மூலையில கொஞ்சம் விட்டு வைக்கவா? நத்த எல்லாம் அங்கதான் கெடக்கு. கீர வேரும் அங்க இருக்கு."

 ராதாகிருஷ்ணன் அவளைப் பார்த்துச் சிரித்தார், அவ்வளவுதான். சும்மா சிரிக்கிற மனிதரிடம் சண்டை போடுவது கஷ்டம்.

"வாரிடுங்க சுகு. சுத்தமா வாரிடுங்க" என்றாள் அமுதவள்ளி.

"சரி. டீச்சர் சொன்னா சரிதான்."

சேறு நாலு லோரி போயிற்று. வெகு தூரம் போகவில்லை, டயர் கடைக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில் கொட்டினார்கள். வாய்க்காலையும் தோண்டி, கல்வாழையைப் பிடுங்கிவிட்டு, கருவறையிலிருந்து நேராகக் குளத்துக்கு வெள்ளை பிவிசி குழாய் பதித்தார்கள்.

கும்பாபிஷேகத்தன்று குளத்தைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. நீல டைல்ஸ், தெளிந்த தண்ணீர், உள்ளே போகிற ஒவ்வொரு மீனும் தெரிகிறது. பிள்ளைகள் பொரி போட்டார்கள். பெண்கள் படியில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். நீச்சல் குளம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது குழு. டீச்சர்தான் ஆலோசனை என்று ராதாகிருஷ்ணன் வருகிறவர்களிடமெல்லாம் அவளைக் காட்டினார். மீன்கள் சாகவில்லை. ஒரு வாரம் போயிற்று, இரண்டு வாரம் போயிற்று, சாகவில்லை. படிப்பது வேறு நடப்பது வேறு என்று அமுதவள்ளியே நம்ப ஆரம்பித்தாள்.

கும்பாபிஷேகம் முடிந்தால் நாற்பத்தெட்டு நாள் மண்டலாபிஷேகம். தினமும் காலையும் மாலையும் பால். தினமும் குழாய் வழியாகக் குளத்துக்கு. முப்பதாம் நாள் வாக்கில் தண்ணீர் பசும்பச்சையாகித் தடித்தது. டைல்ஸ் வழுக்குகிறது என்று சுகுமாறனைத் தேய்க்கச் சொன்னார்கள். தேய்த்தான். அந்த வழவழப்பில்தான் கொஞ்சநஞ்சம் வேலை செய்கிற கிருமி புதிதாகக் குடியேறியிருந்தது. அதையும் வாரக்கடைசிதோறும் பிரஷ் போட்டுக் கழுவிவிட்டார்கள்.

நாற்பத்தைந்தாம் நாள் அமுதவள்ளி பள்ளி ஆய்வகத்திலிருந்து தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கிற கருவியை எடுத்துப் போனாள். மாலை நாலு மணிக்கு அளந்தாள், எட்டு. வெயில் நேரம், பாசி மூச்சு விடுகிற நேரம். மறுநாள் விடிந்து ஏழு மணிக்குப் போய் அளந்தாள், மூன்று. ராத்திரி பாசி மூச்சு விடாது, பதிலுக்கு அதுவும் சேர்ந்து மூச்சை இழுக்கும். மீன்கள் ஒன்றிரண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. சுகுமாறன் துடைப்பத்தோடு வந்து பக்கத்தில் நின்றான்.

"மூணுன்னா என்ன டீச்சர்?"

"கம்மி."

"ரொம்பக் கம்மியா?"

அவள் கருவியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள். இரண்டே நாளில் மண்டலாபிஷேகப் பூர்த்தி. அன்றைக்குப் பால்குடம் உண்டு. எத்தனை குடம் வரும் என்று அவளுக்குத் தெரியும். நேராக டைல்ஸ் கடைக்குப் போனாள்.

"தலைவரே, நாப்பத்தெட்டாம் நாள் ஒரு நாள் மட்டும், அந்தக் கொழாய் வாயில ஒரு தொட்டி வச்சுப் பாலப் பிடிச்சுருவோம். கொளத்துல விட வேணாம். மீன் தாங்காது."

ராதாகிருஷ்ணன் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் வாடியது.

"பிடிச்சு?"

"வேற எங்கயாவது... ரோட்டோர ட்ரெய்ன்ல..."

"அம்மனுக்கு அபிஷேகம் பண்ண பால ட்ரெய்ன்ல விடச் சொல்றீங்களா டீச்சர்?"

 அமுதவள்ளியும் விரதமிருந்து பால்குடம் எடுத்தவள்தான். அந்தப் பாலைச் சாக்கடையில் விடு என்று தன் வாயால் சொன்னதைக் கேட்டபோது அவளுக்கே கூசியது. பால் தப்பில்லை, செரிக்கிற சேற்றை நாம் வாரி எறிந்ததுதான் தப்பு என்று சொல்லியிருக்கவேண்டும்.  அதைச் சொன்னால் அடுத்த கேள்வி கடிதத்தைப் பற்றித்தான் வரும்.

"இத்தன வருசமா விட்டோம், ஒண்ணும் ஆகலியே லா. அன்னிக்குத்தான் கல்வெட்டு வேற தெறக்கறோம். நல்ல நாளும் அதுவுமா இத யார்கிட்டயும் பேசாதீங்க" என்றார் அவர்.

"சரி தலைவரே."

அந்த இரண்டு வார்த்தையை அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள் என்று அந்தக் குழுவின் குறிப்பேட்டைப் புரட்டினால் தெரியும்.

நாற்பத்தெட்டாம் நாள் பகல் பதினொரு மணிக்குத் தொடங்கி மூன்று மணி வரை பால்குடம் வந்தது. குழாயின் வாயிலிருந்து கெட்டியாக, நிற்காமல், வெள்ளையாகக் கொட்டியது. நீலக் குளம் பாற்கடலாகிவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நடுவில் மேளம் கொட்ட, கல்வெட்டின் மேலிருந்த மஞ்சள் துணியை ராதாகிருஷ்ணன் இழுத்தார். யுகேந்திரன் கைபேசியில் படம் எடுத்தான். கூட்டம் கலைந்த பிறகு அமுதவள்ளி தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். எழுத்து நன்றாக ஆழமாக வெட்டப்பட்டிருந்தது. அந்த நிமிடத்தில் அவள் குளத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்குச் சுகுமாறன் போன் செய்தான்.

"டீச்சர், மீன் எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. என்ன செய்யறது?"

அவள் பள்ளிக்கூடச் சேலையோடு போய்ச் சேர்ந்தாள். குளம் முழுக்க வாய். பெரிதும் சின்னதுமாக, தண்ணீர் மட்டத்தில் நூற்றுக்கணக்கான வாய்கள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. பாலைத் தின்ன வந்த கிருமி ராத்திரியோடு ராத்திரியாகத் தண்ணீரிலிருந்த மூச்சையெல்லாம் குடித்துத் தீர்த்திருந்தது. வழக்கமாக வாய்க்காலிலும் சேற்றிலும் நாலு நாளில் மெல்ல நடக்கிற வேலை, இங்கே தடுக்கவும் பங்கு போடவும் எதுவுமில்லாமல் ஒரே ராத்திரியில் நடந்துவிட்டது. ஒரே ஒரு சின்ன மோட்டார் மூலையில் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. அவளும் சுகுமாறனும் படியில் இறங்கி வாளியால் தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்றினார்கள். காற்று கலக்கட்டும் என்று. மொண்டார்கள், ஊற்றினார்கள். டைல்ஸ் வழுக்கி அவள் ஒருமுறை விழுந்து எழுந்தாள். ஒன்பது மணிக்குள் திலாப்பியா எல்லாம் மல்லாந்துவிட்டன. தண்ணீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த கெலி மீன் நாலைந்து மட்டும் மிஞ்சின. ஆமைகள் படியேறி வந்து உட்கார்ந்திருந்தன. அமுதவள்ளி நனைந்த சேலையோடு படியில் உட்கார்ந்து அழுதாள். சுகுமாறன் குப்பைப் பை எடுத்துவரப் போனான்.

மறுநாளே தாமான்காரர்கள் நாற்றம் என்று புகார் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. காரணத்தைத் தேடி வெகு தூரம் போகவில்லை. சுகுமாறன் ராத்திரி மோட்டாரை அணைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறான் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் அப்படித்தான் இருக்கும் என்றார். கதவோரம் நின்றிருந்த சுகுமாறன், "இல்லிங்க, மோட்டர் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றான். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

அமுதவள்ளி எழுந்தாள்.  அந்த மட்டும் அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

"அவர் மேல தப்பு இல்ல. மோட்டர் ஓடுச்சு, நானே பாத்தேன். சேத்த முழுசா எடுத்தது தப்பு. கீரையப் பிடுங்கினது தப்பு. அந்தப் பாலச் செரிக்க கொளத்துல ஒண்ணுமே இல்ல. அதான் மீன் செத்துச்சு."

  ராதாகிருஷ்ணன் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். கோபமே இல்லாமல், நிதானமாகப் படித்தார்.

"'சேற்றை முழுமையாக அகற்றுவதால் குளத்துக்கோ மீன்களுக்கோ எந்தப் பாதிப்பும் ஏற்படாது என உறுதியளிக்கிறேன்.' இது உங்க கையெழுத்துதானே டீச்சர்?"

"ஆமா."

"நாங்க படிக்காதவங்க. நீங்க சொன்னதத்தானே செஞ்சோம்."

அவள் உட்கார்ந்தாள். அதற்கு மேல் கூட்டம் வேகமாக நடந்தது. சுகுமாறனை மாதக் கடைசியோடு நிறுத்திவிடுவது. இனிக் குளத்தை வைத்துப் பராமரிப்பது பெரிய தொல்லை, மஜ்லிஸ்காரனும் விடமாட்டான், வெள்ளிக்கிழமைகளில் கார் நிறுத்த இடமில்லாமல் ஜனங்கள் அவதிப்படுகிறார்கள், ஆகவே குளத்தை நிரப்பிக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவது. எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ராதாகிருஷ்ணன். அமுதவள்ளியின் இரண்டு கையும் மடியில் கிடந்த கைப்பையின் மேல் இருந்தன. ஏகமனதாக என்று எழுதிக்கொண்டார்கள்.

சுகுமாறன் ரவாங்கிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போகக் கிளம்பிய அன்று அவள் பார்க்கப் போனாள். இரண்டு பைகள், மூடி போட்ட ஒரு வாளி. வாளிக்குள் கெலி மீன்கள் இருந்தன. தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை இருக்கிறது, அதில் விடப்போகிறேன் என்றான். 

"சுகு, நான் கூட்டத்துல சொன்னேன். அவங்கதான்..."

"கேட்டேன் டீச்சர், அங்கதான நின்னேன்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். "அன்னிக்கு அந்த மூலையக் காட்டிக் கேட்டேன்ல. நீங்க சும்மா தலைய ஆட்டியிருந்தாக்கூட நான் விட்டிருப்பேன். முன்னால டைல்ஸ நிறுத்தி மறச்சு, ஒரு ஓரமா மண்ணு விட்டிருப்பேன். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

குரலில் குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. வேலை தெரிந்தவன் வேலையைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னான். அவள் காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றாள். ரயிலிலேயே போய்க்கொள்கிறேன் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முட்டி வலிக்கிற கால் ஒவ்வொரு அடிக்கும் சாய்ந்தது.

குளத்தை நிரப்பினார்கள். டைல்ஸைக்கூடப் பெயர்க்கவில்லை, அதன் மேலேயே கல்லும் மண்ணும் கொட்டித் தார் போட்டு, வெள்ளைக் கோடு கிழித்தார்கள். எட்டுக் கார் நிற்கலாம். கருவறைக் குழாயைத் திருப்பி ரோட்டோரப் பெரிய ட்ரெய்னில் சேர்த்துவிட்டார்கள். இப்போது அம்மனுக்கு அபிஷேகம் செய்த பால் தினமும் அங்கேதான் போகிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. டயர் கடைக்குப் பின்னால் கொட்டின சேற்றில் கங்கோங் கீரை முளைத்துப் படர்ந்து, கடைப் பையன்கள் பறித்துப் பிளாச்சான் என்கிற இறால் விழுது போட்டு வறுத்துத் தின்கிறார்கள்.

கல்வெட்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொல்லி அமுதவள்ளி ராதாகிருஷ்ணனிடம் போய்க் கேட்டாள். அவர் மனம் நோகாமல் எடுத்துச் சொன்னார். கும்பாபிஷேகத்தில் பதித்த கல்லை அடுத்த கும்பாபிஷேகம் வரை தொடக்கூடாது. பெயரைச் செதுக்கி எடுப்பது அபசகுனம். "பன்னெண்டு வருசம்தானே டீச்சர்" என்றார்.

கொஞ்ச நாள் அவள் கோயிலுக்குப் போகவில்லை. பிறகு போக ஆரம்பித்தாள். போகாமல் எங்கே போவது? தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்திப் பூசைக்குப் போனபோது கோயிலைச் சுற்றிக் கார்கள் நெருக்கியடித்து நின்றன. காவலுக்கு நின்றவர் கையைக் காட்டி அவளை உள்ளே விட்டார். ஒரே ஓர் இடம் காலியாக இருந்தது, சுவரை ஒட்டி, கல்வெட்டுக்கு நேர் கீழே. அவள் காரை உள்ளே விட்டாள். விளக்கு வெளிச்சம் கல்லில் விழுந்து எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அவசரமாக விளக்கை அணைத்தாள்.

பக்கத்துக் காரிலிருந்து ஓர் இளம்பெண் பூத்தட்டோடு இறங்கினாள். புதிதாக வருகிறவள் போல. கோயில் விளக்கு வெளிச்சத்தில் கல்வெட்டை அண்ணாந்து படித்தாள்.

"ஆன்டி, நாங்க டெங்கில் பக்கத்துலேர்ந்து வரோம். குளக்கரை மாரியம்மன்னு சொன்னாங்க. திருக்குளம்னு இதுலயும் போட்டிருக்கு. கொளம் எந்தப் பக்கம்? காலக் கழுவிட்டு உள்ள போலாம்னு பாத்தேன்."

"கொளம் இல்லம்மா. மூடிட்டாங்க. அந்தப் பக்கம் பைப் இருக்கு."

"அப்படியா." பெண் மறுபடியும் கல்லைப் பார்த்தாள். "ஆலோசகர்னு ஒருத்தங்க பேரு போட்டிருக்கே. அமுதவள்ளி யுகேந்திரன். யாரு ஆன்டி, உங்களுக்குத் தெரியுமா?"

அமுதவள்ளி காரைப் பூட்டினாள். பூட்டிவிட்டதா என்று கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள்.

"தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு தார்த் தரையில் நடந்தாள். வெயில் போய் வெகுநேரமாகியும் தரை இன்னும் சுட்டது.